தாளில் வாழும் தலைமுறை

(ஆலய ஆண்டுத் திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா என்றதும் நாதஸ்வரமும் தவிலும், கரகமும் காவடியும் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்கிடையே யாரும் தனித்து எண்ணிப் பார்க்காத எளிய பொருள் ஒன்று உண்டு. அதுவே தாள். கொடிமரத்திலிருந்து நுழைவாயில் வரை கட்டப்படும் வண்ணத்தாள் தோரணம், சப்பரத்தின் விளிம்பில் ஒட்டப்படும் ஜிகினாத் தாள், காவடியின் வளைவில் செருகப்படும் காகிதப் பூ, முன்னோர் படத்தைச் சுற்றி ஒட்டப்படும் பூவேலை ஆகிய அனைத்தும் கைகளால் வெட்டி, மடித்து, மாவுப் பசை தடவி உருவாக்கப்பட்டவை. கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்கு வடக்கே சபாக் பெர்ணம் வரையிலும் பரவியிருந்த தோட்டங்களில், திருவிழாவுக்கு முந்திய இரவுகளில் லயத்து வாசலில் அமர்ந்து தாள் வெட்டாத இளைஞர் குறைவு. இன்று அவ்விடத்தை நெகிழியும் நுரைப்பலகையும் கடையில் வாங்கும் ஆயத்த அலங்காரமும் பிடித்துக்கொண்டன. தாள் வேலை ஒரு கைத்தொழிலாக மட்டும் இருந்திருந்தால் அதன் மறைவு பெரிதும் வருந்தத்தக்கதன்று. ஆனால், அதற்குள் குடும்பங்களின் நினைவு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அந்நினைவை இழக்காதிருக்க இவ்வாலயத்தைச் சேர்ந்த குடும்பங்கள் செய்யத்தக்கது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

சின்னங்கள் பேசும் மொழி

தோட்டத்துத் தமிழர் தாளில் வெட்டிய வடிவங்கள் பொருளற்றவை அல்ல. வேல் அறிவைக் குறித்தது. மயில் முருகனின் ஊர்தியாகவும் அழகின் வடிவாகவும் நின்றது. சூலமும் வேப்பிலையும் அம்மனை உணர்த்தின. நிறைகுடமும் மாவிலையும் மங்கலம் கூறின. அரிவாள் மதுரைவீரன், முனீஸ்வரன் போன்ற காவல் தெய்வங்களை நினைவூட்டியது. எழுதப் படிக்க அறியாத முதியவரும் இவற்றைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் குடும்பம் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறது என்று கூறிவிடுவர். குலதெய்வம் என்பது ஊரையும் உறவையும் சேர்த்துச் சொல்லும் முகவரி. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்களுக்கு, விட்டு வந்த ஊரின் பெயர் மறந்து போயினும், தெய்வத்தின் சின்னம் மறக்கவில்லை. ஆகவே, ஒரு காவடியில் ஒட்டப்பட்ட காகிதச் சூலம் வழிபாட்டுச் சின்னமாகவும் குடும்ப வரலாற்றின் ஒரு வரியாகவும் விளங்கியது.

தாளுக்கும் முன்னோர் வழிபாட்டுக்கும் உள்ள தொடர்பு தமிழரோடு நிற்பதன்று. வட இந்தியாவில் மதுரா, பிருந்தாவனம் ஆகிய திருத்தலங்களில் ‘சாஞ்சி’ என்னும் கலை வழங்கி வருகிறது. கண்ணனின் லீலைகளைத் தாளில் நுட்பமாக வெட்டியெடுத்து, அத்தாளைத் தரைமீது வைத்து, அதன் துளைகள் வழியே வண்ணப் பொடியைத் தூவிக் கோலம் இடுவார்கள். இது சிறப்பாக நிகழ்வது முன்னோர்க்கு உரிய மஹாளய பட்சத்தில் என்பது கருதத்தக்கது. சாஞ்சிக் கலையில் படத்தை உருவாக்குவது வெட்டி நீக்கப்பட்ட இடமே. தாளில் எது இல்லையோ அதன் வழியாகவே வண்ணம் இறங்குகிறது. இக்கருத்தை மனத்தில் இருத்துக. பின்னர் இது பயன்படும்.

கோலசிலாங்கூரிலேயே அண்டை அயலாரிடமும் இதைக் காணலாம். மலாய்க்காரர் திருமண ஊர்வலத்தின் முன்னே ஏந்திச் செல்லும் ‘பூங்கா மங்கார்’ தென்னம்பாளையைப் போன்று, ஈர்க்கின்மீது வண்ணத்தாள் சுற்றிச் செய்யப்படுவது. தென்னம்பாளை தமிழர்க்கும் மங்கலப் பொருளே. சீனர்கள் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் தாளால் வீடும் ஊர்தியும் செய்து மறைந்தோர்க்காக எரிக்கின்றனர். மூவினத்தாரும் மகிழ்ச்சிக்கும் நினைவுக்கும் தாளையே நாடியுள்ளனர்.

தாள் வந்த வழி

கி.பி. 105ஆம் ஆண்டில் சாய் லுன் என்பவர் தாள் செய்யும் முறையைச் சீனப் பேரரசருக்கு அறிவித்தார் என்பது மரபு. அவர் அரண்மனை அலுவலர். கோப்புகளுக்கு நடுவே நாளைக் கழிக்கும் அலுவலர்கள் பெருமை கொள்ளலாம்! அவர் காலத்துக்கு முற்பட்ட தாள் துண்டுகளும் சீனத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தமிழரோ நெடுங்காலம் பனையோலையையே நம்பினர். சாதகமும் இலக்கியமும் மருத்துவமும் ஓலையில் இருந்தன. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகக் கிடைப்பது 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ ஆகும்.

இருபதாம் நூற்றாண்டில் கையால் தாள் செய்யும் தொழிலுக்குப் புத்துயிர் ஊட்டியவர்களுள் தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா குறிப்பிடத்தக்கவர். காந்தியடிகளின் விருப்பப்படி 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக விளங்கிய அவர், சிற்றூர் மக்கள் தங்களைச் சுற்றியுள்ள பொருள்களைக் கொண்டே தாள் செய்து பயன்பெற வழிகாட்டினார். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959இல் தொடங்கியது. இவை உணர்த்தும் உண்மை ஒன்று: நாரும் நீரும் பொறுமையும் இருக்கும் இடத்தில் தாள் செய்யலாம்.

காகிதம் இல்லாதவரின் வரலாறு

அன்பர்களே! இனிச் சற்று மனம் கனக்கும் செய்திகளைக் கேட்டருள வேண்டுகிறோம்.

இவ்வட்டாரம் மலேசியத் தோட்ட வரலாற்றில் தனியிடம் பெற்றது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் தோன்றியது. தோட்டத்தின் பெயரே தமிழ். அதனை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே, கோலசிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பஞ்சாங்கில் வாழ்ந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சு நாட்டின் புகழ்மிக்க கொன்கூர் பரிசு கிடைத்தது. துரையின் நினைவு நூலாகி, பரிசு பெற்று, இன்றும் நூலகங்களில் வாழ்கிறது. அதே மண்ணில் காட்டை அழித்து நிரை பிடித்த தமிழரின் நினைவு எந்தத் தாளில் உள்ளது?

கங்காணி முறையில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் இறங்கினர். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடை செய்யும் வரை அவ்வரவு தொடர்ந்தது. வந்தவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். அவர்களைப் பற்றிய தாள்கள் கிராணியின் மேசையிலேயே இருந்தன. செக்ரோலில் பெயரும் நாட்கூலியும் இருந்தன. அந்தப் பெயரும் காதால் கேட்டவாறு எழுதப்பட்டதால், ஒரே தந்தையின் பிள்ளைகள் மூவர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலோடு வாழ்ந்த குடும்பங்கள் பல.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942 முதல், தோட்டத் தமிழர் பலர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அங்கு மாண்ட நேச நாட்டுப் போர்வீரர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. மாண்ட தமிழர்க்கு முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை. படமும் இன்றி, கல்லறையும் இன்றி, திதி நாளும் அறியப்படாமல், ‘சயாமுக்குப் போன தாத்தா’ என்னும் மூன்று சொற்களாக மட்டும் எஞ்சியவர்கள் எத்தனை குடும்பங்களில் உள்ளனர் என்பதை இங்குள்ள முதியோர் அறிவர்.

1948இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டைப் பதிவு தொடங்கியது. 1957இல் நாடு விடுதலை பெற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தவறியோரும் தக்க சான்று காட்ட இயலாதோரும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர். 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி கட்டாயமாகியது. அதன் விளைவாக நெடுங்காலம் இங்கு உழைத்தோர் பலர் தமிழகம் திரும்பினர். கணவன் ஓரிடம், மக்கள் ஓரிடம் எனக் குடும்பங்கள் பிரிந்தன. பிறப்புப் பத்திரம் இல்லாத இந்தியர்களுக்காக 2011இல் ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கம் நாடு முழுவதும் நடத்தப்பட வேண்டியிருந்தது என்பதே இச்சிக்கல் எத்துணை ஆழமானது என்பதைக் காட்டும்.

பின்னர் ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டன. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம் விட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. கோயில்கள் இடம் பெயர்ந்தன. ஊர்ப் பெயர்களும் மாறின. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. அடுக்குமாடி வீட்டில் பிறந்த பேரனுக்குப் ‘பெரட்டு’ என்றால் என்ன, ‘ஆயாக் கொட்டகை’ எங்கே இருந்தது, ‘மங்கு’ எதற்குப் பயன்பட்டது என்று சொல்ல வேண்டியவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் நம்மோடு இருப்பர்?

யாழ்ப்பாணம் காட்டிய வழி

இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், போரால் வீடிழந்து இடம்பெயர்ந்த மக்களிடம் சென்று, அவரவர் இழந்த வீட்டை நினைவிலிருந்து தாளில் வரையச் சொன்னார். அவர்கள் வரைந்த படங்களோடு கட்டடக் கலைஞரின் வரைபடங்களையும் தம் ஓவியங்களையும் சேர்த்து, ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் பெயரில் 2011இல் நூலாக வெளிவரச் செய்தார். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. அரசின் தோம்பில் இருப்பது நிலத்தின் அளவு. மக்களின் தோம்பில் இருப்பது கிணற்றடி, மாமரம், சாமியறை. அவ்வீடுகள் மண்ணில் இல்லை, தாளில் உள்ளன.

யாழ்ப்பாணத்து மக்கள் வீட்டை வரைந்ததைப்போல, கோலசிலாங்கூர் மக்கள் லயத்தை வரையலாம். அதற்குப் பெரிய ஓவியத் திறமை தேவையில்லை. முதியவர் ஒருவரும் பேரப்பிள்ளை ஒருவரும் ஒரே பாயில் அமர்ந்தால் போதும். “தாத்தா, நம்ம வீடு எத்தனையாவது கதவு? கோயில் எந்தப் பக்கம்? தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது?” என்று பிள்ளை கேட்கட்டும். பெரட்டுக் களம், ஸ்டோர், கள்ளுக்கடை, தமிழ்ப்பள்ளி, முனீஸ்வரன் மரம் ஆகியவற்றைத் தாத்தா தம் விரலால் காட்டட்டும். அளவு பிழையாகலாம்; திசை மாறலாம். ஆயினும், அது அவர்கள் குடும்பத்தின் தோம்பு.

செய்முறை

முதலாவதாக, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு சின்னத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். அது குலதெய்வத்தின் சின்னமாக இருக்கலாம். பால் கத்தியாகவோ, வாளியாகவோ, ஏறி வந்த கப்பலாகவோ இருக்கலாம். கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் சுடரும் மின்மினியாகவும் இருக்கலாம். ஏன் அதனைத் தேர்ந்தோம் என்பதை நான்கு வரியில் எழுத வேண்டும்.

இரண்டாவதாக, தாளைத் தாமே செய்யலாம். சென்ற ஆண்டுத் திருவிழாவின் அழைப்பிதழ்களும் பயன்படுத்திய வெள்ளைத் தாள்களும் இதற்கு ஏற்றவை. பெயரும் அடையாள அட்டை எண்ணும் உள்ள தாள்களையும் தெய்வ உருவம் அச்சிட்ட பகுதிகளையும் முதலில் பிரித்தெடுத்துவிட வேண்டும். செய்தித்தாள் விரைவில் மஞ்சளித்து நொறுங்கும். அதனைத் தவிர்ப்பது நன்று. தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நிறைய நீர் சேர்த்துக் கைப்பிடி கைப்பிடியாக அரைக்க வேண்டும். இக்கூழை அகன்ற தொட்டியில் நீரோடு கலந்து, கொசுவலை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தைச் சாய்வாக உள்ளே செலுத்தி மட்டமாக உயர்த்தினால், நீர் வடிந்து கூழ் மெல்லிய படலமாக நிற்கும். அதனை ஈரத் துணிமீது கவிழ்த்து, மேலே துணியிட்டு, பலகையும் கல்லும் ஏற்றிப் பிழிந்து, நிழலில் உலர்த்தினால் தாள் ஆயத்தமாகும். எழுதும் மை பரவாதிருக்க மேலே மெல்லிய கஞ்சி பூசலாம்.

வாழைத்தண்டு நாரையும் தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்களின் வைக்கோலையும் சேர்த்தால் தாளுக்கு அழகும் இம்மண்ணின் அடையாளமும் கூடும். இவற்றைச் சிறிதாக நறுக்கி, சலவைச் சோடா கலந்த நீரில் சில மணி நேரம் வேகவைத்து, நன்கு அலசி, இடித்துச் சேர்க்க வேண்டும். வேகவைக்கும் பணியைப் பெரியவர்களே கவனிக்க வேண்டும். மஞ்சள்தூள் சேர்த்தால் மங்கல நிறம் கிடைக்கும். அதனோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி நீர்போலச் சிவக்கும். மஞ்சளின் நிறம் வெயிலில் விரைவில் மங்குவதால், அத்தாளை வெயில் படாத சுவரில் மாட்டுவதே முறை.

மூன்றாவதாக, வெட்டும் வேலை. தாளை நடுவில் மடித்து வெட்டினால் இருபுறமும் ஒத்த வடிவம் வரும். குடும்ப மரத்தை இவ்வாறு வெட்டி, கிளைதோறும் பெயர்களை எழுதலாம். இங்கேதான் சாஞ்சிக் கலையின் பாடம் பயன்படுகிறது. பெயர் தெரிந்தோர்க்கு இலை வைக்க வேண்டும். சயாமுக்குச் சென்று திரும்பாதவர்க்கும், பெயர் மறந்துபோன பாட்டிக்கும், பிரசவத்திலே மறைந்த குழந்தைக்கும் இலையின் வடிவில் ஒரு துளை வெட்ட வேண்டும். அத்தாளுக்குப் பின்னே ஓர் அகல் விளக்கைத் தக்க தொலைவில் ஏற்றி வைத்தால், பெயர் தெரியாதவர்களின் இடத்திலிருந்துதான் ஒளி வரும். அவர்கள் மறக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக விளக்க இயலாது.

நான்காவதாக, பின்புறத்தில் பென்சிலால் குடும்பத்தின் பெயர், தோட்டத்தின் பெயர், வரைந்த நாள், விவரம் கூறியவர் பெயர் ஆகியவற்றைத் தவறாது குறிக்க வேண்டும். குறிப்பில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் தாளாகிவிடும்.

மூலப் பத்திரங்களைக் காத்தல்

ஓர் எச்சரிக்கை மிகவும் இன்றியமையாதது. பழைய பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, கடப்பிதழ், திருமணப் படம், பள்ளித் தேர்ச்சி அட்டை ஆகியவற்றைக் கலை வேலைக்காக வெட்டவோ ஒட்டவோ கூடாது. படியெடுத்து, அந்தப் படியையே பயன்படுத்த வேண்டும். ஒரு பழந்தாள் சில சமயங்களில் ஒரு பேரனின் குடியுரிமை விண்ணப்பத்துக்கு ஒரே சான்றாக நிற்கக்கூடும். கிழிந்த பத்திரத்துக்குப் பசைநாடா ஒட்டுவது கேடு; அது மஞ்சளித்துத் தாளையும் கெடுக்கும். நெகிழி உறையிட்டுச் சூட்டில் ஒட்டிவிட்டால் பின்னர் பிரிக்க இயலாது. ஈரமும் கரையானும் அணுகாத உயரத்தில், தூய உறையில், மடிக்காமல் வைப்பதே போதுமான பாதுகாப்பு. படி ஒன்றை வேறு வீட்டில் வாழும் உறவினரிடம் கொடுத்து வைப்பது மேலும் நன்று.

ஆலயம் ஆற்றத்தக்க பணி

ஆலயம் இதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மஹாளய அமாவாசையையொட்டி ஒரு நாளைக் குடும்ப நினைவு நாளாக வைத்து, மண்டபத்தில் முதியோரையும் சிறுவரையும் ஒன்றாக அமர்த்தலாம். செய்யப்பட்ட தாள்களை ஒரு சுவரில் காட்சிக்கு வைத்து, பின்னர்த் தோட்டத்தின் பெயர்வாரியாக அடுக்கிப் பெட்டியில் காக்கலாம். ஒரே தோட்டத்தில் வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் பத்து லயப் படங்களை வரைந்தால், மறைந்த அத்தோட்டம் மீண்டும் கண்முன் எழும். ஒருவர் மறந்த கிணற்றை மற்றொருவர் வரைந்திருப்பார். பிரிந்துபோன அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும் வாய்ப்புண்டு.

தெய்வ வடிவம் வெட்டிய தாள்கள் காலில் மிதிபடலாகாது. பயன் முடிந்தபின் அவற்றைச் சிலாங்கூர் ஆற்றில் விடுவதும் தகாது. ஜிகினாவும் சாயமும் நீரைக் கெடுக்கும். அந்த ஆற்றங்கரை மின்மினிகளின் வாழ்விடம். சாயம் கலவாத தாளை ஆலய மரத்தடியில் புதைத்து மண்ணோடு சேர்த்துவிடலாம். ஜிகினாவை இயன்றவரை குறைப்பதே நன்று.

கடல் கடந்து வந்தவர்கள் கொண்டுவந்த பொருள் மிகக் குறைவு. ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு துணி, முடிச்சில் பிடி மண், நெஞ்சில் குலதெய்வம். அவர்கள் பெயரைச் செக்ரோல் கூலிக்காக எழுதியது. அவர்கள் பெயரை அன்போடு எழுத வேண்டிய கடமை அவர்கள் வழிவந்தோர்க்கே உரியது. இவ்வாண்டுத் திருவிழா முடிந்து வீடு திரும்பும் அன்பர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டு முதியவரிடம் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, அவர் பிறந்த லயத்தை வரையச் சொல்ல வேண்டும் என்பதே இவ்வுரையின் பணிவான வேண்டுகோள்.

அனைத்துக் குடும்பங்களும் அன்னையின் அருளால் நோயின்றி, ஒற்றுமையோடு, முன்னோர் நினைவு மாறாது வாழ்க!